சமயம் ஒன்று, மொழி வேறு!

சமயம் ஒன்றாயின் மக்களினமும் ஒன்றே என்பார் கூற்று எத்துணைப் பிழையுடையது என்பதற்கு வங்க மண்ணினும் சிறந்த சான்று வேறில்லை.

1947-இல் இசுலாம் என்னும் ஒரே கட்டினால், தம்முள் நெடுந்தொலைவு பிரிந்து கிடந்த இருவேறு நிலங்கள் பாக்கித்தான் என ஒரு நாடாக்கப்பட்டன. அந்நாட்டு மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வங்கமொழி பேசினர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோரோ சிறுபான்மையர். எனினும், 21.3.1948 அன்று தாக்காவில் பேசிய சின்னா, உருது ஒன்றே ஆட்சிமொழி என அறைந்தார். உருதுவே இசுலாமியர்க்கு உரியது என்றும், வங்கமொழியோ பிற சமயச் சாயல் படிந்தது என்றும் ஆள்வோர் பரப்பினர். வங்க எழுத்தையே நீக்கி அரபி எழுத்தைப் புகுத்தவும் முயன்றனர்.

வங்க இசுலாமியர் என் செய்தனர்? சமயத்தைக் கைவிட்டனரா? இல்லை. இறைவனைத் தொழுத நாவினாலேயே தாய்மொழிக்கு உரிமை கேட்டனர். 21.2.1952 அன்று தடையாணையை மீறித் தாக்காவில் திரண்ட மாணவர்மேல் காவலர் சுட்டனர். பரக்கத்து, இரபீக்கு, சப்பார், சலாம் என, அக்குண்டுகளுக்கு இரையானோர் பெயர்களைக் காண்க. அனைவரும் இசுலாமியர். அடக்கிய ஆட்சியும் இசுலாத்தின் பெயரால் நடந்த ஆட்சியே!

1956-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வங்கமொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி தந்தது. ஆயினும் புண் ஆறவில்லை. பொருட்சுரண்டலும், 1970 தேர்தல் முடிவை மதியாமையும் அப்புண்ணைக் கிளறின. 1971-இல் வங்காளதேசம் தனி நாடாயிற்று. சமயம் கட்டிய நாட்டை, மொழியை மதியாமை பிளந்தது. பிப்பிரவரி 21-ஐ 1999-இல் யுனெசுகோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

இதில் இசுலாத்தின்மேல் குற்றமில்லை. மாந்தர்தம் மொழிகள் வேறுபட்டிருத்தலை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகவே திருக்குரான் கூறுகின்றது. குற்றம், சமயத்தைப் போர்வையாக்கிப் பிறர் மொழியை நசுக்கிய ஆட்சியாளருடையது.

தமிழகத்துக்கும் இதில் பாடமுண்டு. நபிகள் பெருமானாரின் வாழ்வைச் சீறாப்புராணம் எனத் தமிழ்க் காப்பியமாக்கியவர் உமறுப்புலவர். அவர் இசுலாமியராய் இருந்தமையால் தமிழராய் இராமற் போனாரா? தமிழ் பேசும் இசுலாமியரை அயலார் எனக் கருதும் தமிழரும், சமயத்தின் பெயரால் அவரைத் தமிழினின்று பிரிக்க முனைவோரும் ஒரே பிழையையே செய்கின்றனர்.

சமயம் அவரவர் நெஞ்சுக்கு உரியது. மொழி அனைவர்க்கும் பொதுவானது. இதனைத் தமிழர் உணர்தற்கு, தாக்காவில் சிந்திய குருதியே போதும். இங்கும் சிந்துதல் வேண்டா!