பாறையின் ஊடுருவுதிறன் ஒரே எண்ணா?

துளையிட்டு எடுத்த பாறை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஓர் எண் வரும். அந்தப் பாறையின் ஊடுருவுதிறன், அதாவது நீரையோ வாயுவையோ தன்னூடே செல்லவிடும் திறன், அதுவே என்று பலரும் நம்புகிறார்கள். எண்ணெய்க் கிணறுகளைத் திட்டமிடும்போது அந்த எண்ணும் கணக்கில் எடுக்கப்படுகிறது. அதனாலேயே இந்த நம்பிக்கையை மறுத்தாக வேண்டும்.

எதைச் செலுத்தி அளந்தாலும் விடை மாறாது என்கிறார்கள். டார்சியின் விதிப்படி ஊடுருவுதிறன் பாறைக்கே உரிய பண்பு. கோட்பாட்டில் அது சரி. ஆனால் வேலை சீக்கிரம் முடியும் என்பதால் ஆய்வகங்கள் பெரும்பாலும் நைட்ரஜனையோ காற்றையோதான் செலுத்துகின்றன. குறுகிய துளைகளின் சுவரில் வாயு மூலக்கூறுகள் வழுக்கிக்கொண்டு ஓடுவதால் மதிப்பு உள்ளதைவிடக் கூடித் தெரியும். 1941-இல் கிளிங்கென்பெர்க் என்ற ஆய்வாளர் இதைக் காட்டி, திருத்தும் வழியையும் சொன்னார். வெவ்வேறு சராசரி அழுத்தங்களில் அளந்து, அழுத்தத்தின் தலைகீழ் மதிப்புக்கு எதிரே புள்ளிகளை இட்டுக் கோடு வரைய வேண்டும். அழுத்தம் முடிவிலிக்குப் போனால் கோடு காட்டும் மதிப்பே கொள்ளத்தக்கது. இறுகிய பாறைகளில் இத்திருத்தம் பெரிது. தண்ணீரைச் செலுத்தினாலும் சிக்கல் உண்டு. களிமண் கலந்த மணற்கல்லில் உப்புநீருக்குப் பதில் நன்னீரை விட்டால், களிமண் வீங்கியோ உதிர்ந்தோ துளைகளை அடைத்துவிடும்.

மாதிரி மேசைக்கு வந்தாலும் பாறை அதே பாறைதானே என்பது அடுத்த வாதம். பூமிக்குள் அதை அழுத்தியிருந்த பாரம் மேசையில் இல்லை. பிரேஸ், வால்ஷ், ஃபிராங்கோஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1968-இல் வெஸ்டர்லி கிரானைட்டை அளந்தார்கள். 100 பார் அழுத்தத்தில் ஊடுருவுதிறன் 350 நானோடார்சி (டார்சி என்பது அதன் அலகு). 4,000 பாரில் வெறும் 4. நுண்விரிசல்கள் மூடிக்கொண்டதுதான் காரணம். கல் ஒன்றே, மதிப்போ ஏறத்தாழ 90 மடங்கு குறைந்துவிட்டது.

சிறு துண்டே முழுப் பாறைக்கும் சான்று என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. சோதனைக்குப் போவது ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ விட்டமுள்ள உருளை. அதுவும் உடையாத துண்டு. உடைந்த துண்டோடு விரிசலும் கழிந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் சார்னோக்கைட், நைஸ் பாறைகளில் விரிசலற்ற துண்டு ஏறக்குறைய நீரே விடாது. ஆனாலும் அதே பாறையில் இறக்கிய போர்வெல்கள் வயலுக்கு நீர் தருகின்றன. ஊற்றுக்கண் விரிசலில் இருக்கிறது. அதைப் பிடிப்பது களத்தில் செய்யும் நீரேற்றுச் சோதனைதான்.

ஆய்வக அளவீடே வீண் என்று நான் சொல்லவில்லை. செலுத்திய பாய்மம், அழுத்தம், துண்டு வெட்டிய திசை, வாயுத் திருத்தம் செய்யப்பட்டதா என்ற விவரம் ஆகியவை இல்லாத அறிக்கை கைக்கு வந்தால், கையெழுத்திடுமுன் கேட்டு வாங்குங்கள்.