2.0: குருவியைக் கொன்னது செல்போன் மட்டும்தானா?

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில 2.0 போட்டாங்க. 2018 நவம்பர்ல படம் வந்தப்பவே தாம்பரத்துல பார்த்தேன். என் மூக்குக் கண்ணாடி மேலேயே அந்த 3டி கண்ணாடியையும் மாட்டிக்கிட்டு உட்கார்ந்ததுல தலைவலிதான் மிச்சம். இப்ப நிதானமாப் பார்த்ததும் எழுதணும்னு தோணிச்சு.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். 2010-ல வந்த எந்திரன், சிட்டி ரோபோவுக்கு ஆசை வந்தா என்ன ஆகும்ங்கிற கதை. ரெண்டாம் பாகத்துல அதையே திருப்பிப் போடாம, ஷங்கர் பறவைகளைக் கையில எடுத்தார். இவ்வளவு பெரிய ரஜினி படத்துல, குருவிக்காக அழுற ஒரு பெரியவரை நடுவுல நிறுத்தத் துணிச்சல் வேணும். அக்‌ஷய் குமார் நடிச்ச அந்தப் பட்சிராஜனோட முன்கதைதான் படத்துக்கு உயிர். நா. முத்துக்குமார் எழுதின 'புள்ளினங்காள்' பாட்டு வந்தப்ப என் வீட்டுக்காரம்மா கையில கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. படம் வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே அந்த மனுசன் போய்ட்டார்.

அடுத்து குறை. நியாயம் பட்சிராஜன் பக்கம்னு நம்ம மனசுல ஏத்திட்டு, அதுக்கப்புறம் அவரை அடிச்சு வீழ்த்துறதைப் பார்த்துக் கைதட்டச் சொல்றாங்க. குட்டி ரோபோக்கள் புறா மேல ஏறி வந்து அவரை மடக்குறது பசங்களுக்குச் சிரிப்பு. எனக்குச் சங்கடமா இருந்தது. எந்திரன்ல இருந்த கிண்டலும் இதுல கம்மி.

ஆனா என் பெரிய மனத்தாங்கல் வேற. குருவி அழிஞ்சதுக்குக் காரணம் செல்போன் கதிர்வீச்சுன்னு படம் முடிவு கட்டிடுது. அது இன்னும் நிரூபணம் ஆகலை. 2020-ல வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தா சிட்டுக்குருவி பெரிசா குறையலை, சென்னை மாதிரி பெருநகரங்கள்லதான் குறையுதுன்னு சொல்லுது. செல்போன் டவர் எங்க ஊர்லயும் நிக்குது. குருவியும் இருக்கு.

தாம்பரத்துல அப்ப ஓட்டு வீடு இருந்தது, இறவாணத்துல குருவி கூடு கட்டிச்சு. இப்ப எல்லாம் அடுக்குமாடி, கண்ணாடி ஜன்னல். பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு மட்டும் புழு பூச்சிதான் ஊட்டும். பூச்சியே இல்லாத இடத்துல குஞ்சு எப்படிப் பிழைக்கும்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல ராம்சர் அங்கீகாரம் கிடைச்சது. அதுக்குள்ள ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, சுத்திலும் கட்டடம்னு ஆகியாச்சு. அதை எந்த செல்போனும் பண்ணலை.

நான் மட்டும் யோக்கியன்னு சொல்லலை. ஒரு வருசம் நாத்தங்கால்ல கார்போபியூரான் குருணை போட்டேன். மறுநாள் வரப்போரம் நாலு மைனா செத்துக் கிடந்தது. குருணையை விதைன்னு நினைச்சுக் கொத்தியிருக்கும். எந்தப் படத்துலயும் அந்தக் குருணை வில்லனா வரலை. வந்தா என் பேரும் அதுல இருக்கும். கடையில ஒரு ஓட்டைகூட இல்லாத கத்திரிக்காயாப் பொறுக்கி எடுக்கறீங்களே, உங்க பேரும் இருக்கும். நீங்க அப்படிக் கேட்கிறதாலதான் நாங்க மருந்தடிக்கிறோம்.

வேடந்தாங்கல்ல தலைமுறை தலைமுறையா ஊர்க்காரங்கதான் பறவைகளைக் காப்பாத்துறாங்க. எச்சம் விழுந்த ஏரித் தண்ணி பயிருக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். ரோபோ எதுவும் வந்து சொல்லலை.

படத்தைப் பசங்களோட ஒரு தடவை தாராளமாப் பார்க்கலாம். பார்த்துட்டு, செல்போனை மட்டும் திட்டிட்டு எழுந்துடாதீங்க.

இந்த நவரைக்கு நாத்தங்கால்ல குருணை போடலை. எப்படி வருதுன்னு பார்த்துட்டு எழுதறேன்.