ரிப்போர்ட்டில் ஒரு வரி

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று ஊர் கேட்கத் தொடங்கிவிடும். அந்த நச்சரிப்புக்குப் பயந்தே பலர் ஸ்கேன் மையத்தின் படியேறுகிறார்கள். ரிப்போர்ட்டில் ‘ஆர்குவேட் யூட்டரஸ்’ என்று ஒரு வரி இருக்கும். வெளியே நாற்பது பேர் காத்திருக்க, டாக்டர் அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் அந்த வரி, ‘கர்ப்பப்பையில் கோளாறு’ என்று மாறிவிடுகிறது.

கோளாறு அல்ல அது. பெண் சிசு தாயின் வயிற்றில் வளரும்போது, முல்லேரியன் குழாய்கள் எனப்படும் இரண்டு குழாய்களின் கீழ்ப்பகுதி ஒட்டி, இடையிலுள்ள சுவர் கரைந்துதான் கர்ப்பப்பை உருவாகிறது. சுவர் கரைந்தபின் மேற்புறத்தில் லேசான குழிவு தங்கிவிட்டால் அதுவே ஆர்குவேட். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இந்தக் குழிவை இயல்பான வேறுபாடாகவே அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2016-ல் வகைப்படுத்தியது. அதற்கு முன்பே, 2013-ல், ஐரோப்பிய வகைப்பாடு ‘ஆர்குவேட்’ என்ற தனிப்பிரிவையே கைவிட்டுவிட்டது. நம் ரிப்போர்ட்டுகள்தான் இன்னும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

‘கர்ப்பப்பை திரும்பியிருக்கு’ என்ற பேச்சும் இப்படித்தான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை பின்புறம் சாய்ந்திருக்கிறது. கரு தங்குவதை அது தடுப்பதில்லை. மூன்று மாதம் கடந்தால் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும்.

எல்லாமே இப்படி அற்பமானவை அல்ல. கரையாத நடுச்சுவர் ஆழமாக இறங்கியிருந்தாலோ, கர்ப்பப்பை இரண்டாகப் பிளந்திருந்தாலோ கருச்சிதைவும் குறைப்பிரசவமும் கூடும். இத்தகைய அமைப்புள்ள சிலருக்குச் சிறுநீரகத்திலும் குறை இருக்கலாம் என்பதால், அதையும் பார்த்துவிட வேண்டும். சாதாரண ஸ்கேனில் கர்ப்பப்பையின் வெளிவடிவம் தெளிவாகத் தெரியாது, முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படலாம். நடுச்சுவர் இருக்கிறது என்பதற்காக உடனே கத்தியை எடுக்கவும் வேண்டியதில்லை. நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், நடுச்சுவர் கொண்ட 80 பெண்களில் பாதிப்பேருக்கு அறுவை செய்தார்கள், பாதிப்பேரை அப்படியே விட்டார்கள். குழந்தை பெற்றவர்களின் விகிதத்தில் அறுவை செய்த தரப்பு முந்தவில்லை. ஆய்வு சிறியதுதான், ஆனால் அவசரப்படுகிறவர்கள் ஒருமுறை யோசிக்க அது போதும்.

ஆகவே, ஸ்கேன் மையங்கள் ‘ஆர்குவேட்’ என்று எழுதினால், ‘இது இயல்பான வேறுபாடு’ என்று அடுத்த வரியிலேயே அச்சிடட்டும். டாக்டர்கள் இன்னும் இரண்டு நிமிடம் ஒதுக்கி, ஒரு தாளில் வரைந்து காட்டட்டும். மாமியார்களும் நாத்தனார்களும் அந்த ரிப்போர்ட்டை உறவுக்காரர்களிடம் வாசித்துக் காட்டாமல் இருந்தாலே பெரிய உதவி. கணவன்மார் தங்கள் விந்துப் பரிசோதனையை, மனைவிக்குப் பரிசோதனை தொடங்கும் முதல் வாரத்திலேயே செய்துகொள்ளலாம். பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. அந்தச் சாதாரணப் பரிசோதனைக்கு வர மறுத்துவிட்டு, மனைவியை மட்டும் மையம் மையமாக அலைய விடுவது அநியாயம்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிற பெண்களுக்கு ஒன்று: "இதற்குச் சிகிச்சை வேண்டுமா? வேண்டாமென்றால் அதையும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.