மதிப்பெண்ணை வாசலில் கூட்டாதீர்கள்



திருச்சி வட்டாரத்தில் கணிதம் சொல்லித்தருகிறவர்களும், பொறியியலுக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதி முடித்த பழைய மாணவர்களும் சேர்ந்து, பெற்றோருக்கும் உறவினருக்கும் பயிற்சி மையம் நடத்துவோருக்கும் விடுக்கும் வேண்டுகோள் இது. எங்களில் என்ஐடிக்குப் போனவர்களும் உண்டு. அங்கே இடம் கிடைக்காமல் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் சேர்ந்தவர்களும் உண்டு.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஏப்ரலிலும் தேர்வு மைய வாசலில் ஒரே காட்சிதான். 12 மணிக்குக் காலை ஷிஃப்ட் முடிகிறது. பிள்ளை கேட்டைத் தாண்டுமுன் கேள்வி பாய்கிறது: "மேத்ஸ்ல எத்தனை போட்ட? எத்தனை கரெக்ட்?"

போன ஏப்ரலில் எங்கள் கண்ணெதிரே நடந்தது. ஒரு மாணவி தன் விடை லாக் 8 என்றாள். உடன் எழுதிய பையன், இல்லை, 3 லாக் 2 என்றான். அருகில் நின்ற அப்பா, "போச்சு, மைனஸோட சேர்த்து அஞ்சு மார்க் போச்சு" என்றார். இரண்டும் ஒன்றேதான் என்று எங்களில் ஒருவர் போய்ச் சொல்லும்வரை அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கா மடக்கை விதி தெரியாது? மூன்று மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துவிட்டது.

பிள்ளைகள் விடையை ஒப்பிடுவதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. "நீ ஏண்டா முழுசா தொகையிட்ட, சமச்சீரை வச்சு ரெண்டு வரியில முடிச்சிருக்கலாமே" என்று துவாக்குடி பஸ்ஸில் இருவர் சண்டை போட்டுக்கொண்டு வந்தால், நடத்துநர் உட்பட யாரும் குறுக்கே போக வேண்டாம். கணிதத்தின் ருசியில் பாதி அந்தச் சண்டையில் இருக்கிறது. பெரியவர்கள் அதற்குள் புகுந்து மதிப்பெண் கூட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

ஏனென்றால் அந்த நேரத்தில் கூட்டுவதற்குக் கையில் ஒன்றுமே கிடையாது. கேள்வித்தாள் கணினியோடு போய்விட்டது. கணக்குப் போட்ட ரஃப் ஷீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அடுத்தடுத்த இருக்கையில் எழுதியவர்களுக்குக்கூட விடைத் தெரிவுகள் வரிசை மாறித்தான் வரும். "மூணாவது ஆப்ஷன்தானே?" என்று கேட்பதில் பொருளில்லை. மதியம் 3 மணி ஷிஃப்டுக்கோ கேள்விகளே வேறு. காலையில் எழுதியவர் "கணக்கு செம டஃப்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு வயிறு கலங்கி உள்ளே போகிற மதியப் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அவர்கள் பயந்துகொண்டு போவது தங்களுக்கு வராத தாளுக்கு.

நம் பெற்றோரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணிதத்தை 100க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50க்கும் மாற்றி 200க்குக் கூட்டினால் கட் ஆஃப் வந்துவிடும்; அதைச் சாப்பாட்டு மேஜையிலேயே போட்டுவிடலாம். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. ஜேஇஇ மெயினில் 300க்கு எவ்வளவு என்பதைவிட, அந்த ஷிஃப்டில் எழுதியவர்களில் உங்கள் பிள்ளைக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே கணக்கு. அதுதான் பர்சன்டைல். கடினமான ஷிஃப்டில் 180 எடுத்தவர் எளிதான ஷிஃப்டில் 200 எடுத்தவரை முந்திவிட முடியும். அண்ணன்மார் சொல்லும் யோசனையும் பழசாகிவிட்டது. முன்பு எண்ணாக விடை தரும் 10 கணக்குகளில் ஐந்தைப் போட்டால் போதுமாக இருந்தது. 2025 முதல் அந்தச் சலுகை இல்லை. பாடத்துக்கு 25 கேள்வி, அத்தனையும் கட்டாயம்.

பயிற்சி மையங்களிடம் ஒன்று கேட்கிறோம். மாணவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகளுக்கு அன்று மாலையே விடைக்குறிப்பு வெளியிடுகிறீர்கள். ஒரு குறி மாறினால் விடையே மாறிவிடும் என்று வகுப்பில் சொல்லித்தருகிறவர்கள் நீங்கள்தானே? எல்லா நாள் ஷிஃப்டுகளும் முடியும்வரையாவது பொறுங்கள். வாசலில் கேமராவோடு நிற்பதை அறவே விட்டுவிடுங்கள்.

உண்மையாக ஒப்பிட வேண்டிய நாள் பிறகு வருகிறது. தேசியத் தேர்வு முகமை தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும்போது, கேள்விகளோடு உங்கள் பிள்ளை பதிந்த விடைகளும் திரையில் கிடைக்கும். விடைக்குறிப்பு தவறென்று தோன்றினால் ஆட்சேபிக்கலாம். கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது. அவகாசம் பொதுவாக இரண்டு மூன்று நாள்தான். வாசலில் அத்தனை சத்தம் போட்ட ஊர், இந்த இரண்டு நாளில் வாய் திறப்பதில்லை! 2025 ஜனவரித் தேர்வின் இறுதி விடைக்குறிப்பில் எல்லா ஷிஃப்டுகளுக்கும் சேர்த்து 12 கேள்விகள் கைவிடப்பட்டன. இப்படிக் கைவிடும்போது அந்தத் தாளை எழுதிய எல்லாருக்கும் அந்தக் கேள்விக்கு நான்கு மதிப்பெண் உண்டு. ஒருவர் ஆட்சேபித்து விடைக்குறிப்பு திருத்தப்பட்டாலும் அது அந்தக் கேள்வியைச் சந்தித்த அனைவருக்கும் பொருந்தும். ஆகவே ஒரே கேள்விக்குப் பத்துப் பேர் தனித்தனியே 200 கட்டுவது வீண். ஒரே ஷிஃப்டில் எழுதியவர்கள் கூடி உட்கார்ந்து, சந்தேகமான கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒருவர் பெயரில் கட்டிவிட்டு ஆளுக்கு இருபது ரூபாய் பங்கிட்டுக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். 2021 முதல் தமிழிலும் எழுதலாம்; ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

அதற்குத்தான் ஆள் தேடுகிறோம். விடைக்குறிப்பு வரும் நாள்களில் மாலை 5 மணிக்கு மேல், கணினி உள்ள ஏதாவது ஒரு நூலகத்திலோ பள்ளியிலோ எங்களோடு உட்கார ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் முன்வர வேண்டும். மாணவர்கள் விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் கொண்டுவந்தால் போதும். ஆசிரியர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்; திரையில் அடுக்குக்குறிகள் கடுகளவுதான் தெரிகின்றன.