அப்பாவோட பேட்டரி லைட்ல எந்தக் கட்டை போடப் போறீங்க?

லீவுக்கு ஊருக்குப் போறீங்க. பையில ஒரு பவர்பேங்க், மினி பிராஜெக்ட்ல மிச்சமான ரெண்டு 18650 லித்தியம் செல், ஒரு மல்டிமீட்டர். வீட்டுக்குள்ள நுழைஞ்ச ரெண்டாவது நாள் அப்பாவோ சித்தப்பாவோ அந்த ஸ்டீல் டார்ச்சைக் கையில கொடுப்பாங்க. "மாசாமாசம் இதுக்குக் கட்டை வாங்கி மாளலப்பா. சார்ஜ் போடுற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடு, நீதான் இன்ஜினியராச்சே." ட்ரிபிள் ஈ, இசிஇ படிக்கிறவங்க இந்த வசனத்துல இருந்து தப்பவே முடியாது. மெக்கானிக்கல், சிவில்காரங்களையும் விட மாட்டாங்க.

அப்போ பையில இருக்கிற 18650-ஐ எடுத்து அதுல போடத் தோணும். என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்: குண்டு பல்பு போட்ட டார்ச்சுக்கு லித்தியம் அயான் செல் வேண்டாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போதும். பழசாத் தெரியலாம், கெத்தா இருக்காது. ஆனா இந்த வேலைக்கு அதுதான் சரி.

"இப்ப யாருப்பா குண்டு பல்பு டார்ச் வெச்சிருக்காங்க?"ன்னு கேட்கலாம். சென்னையில கேளுங்க, நியாயமான கேள்வி. வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, திருமானூர் பக்கம் வந்து கேட்டா, பரண்ல இருந்து ரெண்டு கட்டை டார்ச் ஒண்ணு, மூணு கட்டை டார்ச் ஒண்ணு எடுத்துக் காட்டுவாங்க. நெத்தி லைட் வந்தாச்சு, போன்லயே லைட் இருக்கு, எல்லாம் சரிதான். இருந்தாலும் கீழே விழுந்தாலும் உடையாத, தண்ணியில நனைஞ்சாலும் துடைச்சுட்டு எரியுற அந்த டார்ச்சை நிறைய பேர் இன்னும் தூக்கிப் போடல.

அந்த டார்ச் எதுக்குப் போகுதுன்னும் உங்களுக்குத் தெரியும். த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி வந்தா ராத்திரிதான் மோட்டார் போடணும். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயத்துக்குத் தண்ணி கட்டணும், கொள்ளிடக் கரையில நெல்லுக்கு மடை திருப்பணும். வரப்புல கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தா மண்ணோட மண்ணாத்தான் தெரியும். 2000-லிருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020-ல வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டுச்சு. பெரும்பாலும் கிராமத்து ஆளுங்க. அதனால டார்ச் திடீர்னு அணைஞ்சா ஆபத்து, செல் கையில வெடிச்சாலும் ஆபத்து. ரெண்டையும் சேர்த்து யோசிச்சுதான் செல் எடுக்கணும்.

இப்ப பல்புக்கு வருவோம். ஒரு டார்ச் பல்பைக் கழட்டிப் பாருங்க, உலோகக் கழுத்துல 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் மாதிரி ஏதாவது பொறிச்சிருக்கும். ஓம் விதிப்படி 8 ஓம் சொச்சம் வரணும். மல்டிமீட்டர்ல வெச்சுப் பாருங்க, 1 ஓம் பக்கத்துலதான் காட்டும். மீட்டர் ரிப்பேர் இல்ல. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதோட மின்தடை, எரியும்போது இருக்கிறதுல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான். லேப்ல நாம பண்ற பாதி எக்ஸ்பெரிமென்ட்டை விட இது சுவாரஸ்யம்.

இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம் வருது. செல் இறங்க இறங்க வோல்டேஜ் குறையும், இழை சூடு குறையும், மின்தடையும் கூடவே குறையும். அதனால வோல்டேஜ் பாதியானாலும் கரண்ட் பாதியாகாது; ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு ஓடிக்கிட்டே இருக்கும். வெளிச்சம் செத்துப்போச்சு, இழை லேசா செவந்து கிடக்கு, ஆனா செல்லை உறிஞ்சுறது மட்டும் நிக்கல.

எல்இடியில இந்தப் பிரச்சினை குறைவு. ஒரே ஒரு லித்தியம் செல்லுல நேரடியா ஓடுற வெள்ளை எல்இடி, வோல்டேஜ் 2.7 பக்கம் இறங்கினதும் தானே கரண்ட் இழுக்கிறதை ஏறக்குறைய நிறுத்திடும். யாரும் திட்டமிட்டு வெச்ச பாதுகாப்பு இல்ல, எல்இடியோட குணமே அது. மலிவு நெத்தி லைட்ல செல் ஓரளவு தப்பிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். குண்டு பல்புக்கு அந்த இரக்கம் கிடையாது. சுவிட்சை அணைக்க மறந்து மோட்டார் கொட்டாய்ல வெச்சுட்டு வந்தா, காலையில செல் கிட்டத்தட்ட பூஜ்யத்துல இருக்கும்.

லித்தியம் அயான் செல்லை 2.5 வோல்ட்டுக்குக் கீழே ரொம்ப இறக்கினா உள்ளே இருக்கிற தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். அப்போ ஒண்ணும் நடக்காது. திரும்ப சார்ஜ் போடும்போதுதான் கரைஞ்ச தாமிரம் வேண்டாத இடத்துல போய்ப் படியும், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும், சூடாகும், அந்தச் சூடு இன்னும் சூட்டைக் கிளப்பும். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது, சாமி படத்துக்குப் பக்கத்து பிளக்குல சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கிற செல்லுல இது நடக்கலாம்.

"பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிற செல் வாங்கிப் போட்டா?" நல்ல கேள்வி. அந்த சர்க்யூட் வேலை செஞ்சா, வோல்டேஜ் எல்லைக்கு வந்ததும் பட்டுனு வெட்டிடும். செல்லுக்கு நல்லது. வயல் நடுவுல சேத்துல நிக்கிற மனுஷனுக்கு? மங்குறதே தெரியாம ஒரே நொடியில கும்மிருட்டு. அந்த டார்ச்சை நான் எங்க அப்பா கையில கொடுக்க மாட்டேன்.

வோல்டேஜ் கணக்கையும் பார்த்துடுவோம். சாதாக் கட்டை ஒண்ணு 1.5 வோல்ட், ரெண்டு போட்டா 3. லோடு ஏறினதும் அது இறங்கும்னு தெரிஞ்சுதான் பல்பை 2.5-க்குக் கிட்ட வடிவமைச்சிருக்காங்க. ஃபுல் சார்ஜ்ல இருக்கிற ஒரு 18650, 4.2 வோல்ட். ரெண்டு கட்டை டார்ச்ல செல் ஒண்ணும் மிச்ச இடத்துக்கு இரும்புத் துண்டும் வெச்சு சுவிட்சைப் போட்டா, ஒரு பளிச், அவ்வளவுதான், பல்பு காலி. மூணு கட்டை டார்ச்ல 3.6 வோல்ட் பல்பு எரியும், அழகாவே எரியும். வோல்டேஜ் சுமார் 17 சதவீதம் கூடினா வெளிச்சம் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடும், பல்போட ஆயுசு ஏழுல ஒரு பங்கா சுருங்கும். இழையோட ஆயுசு வோல்டேஜோட 12-ஆம் அடுக்குக்கு எதிரா போறதுதான் காரணம். முதல் நாள் வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுல உங்களைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்க. பல்பு எப்போ போகும்ங்கிறதுதான் கேள்வி.

இதை விட மோசம் 14500-ன்னு ஒரு லித்தியம் செல். பார்க்க அப்படியே பென் டார்ச்ல போடுற டபுள் ஏ செல் மாதிரி இருக்கும், அதே நீளம், அதே தடிமன். உள்ளே 3.7 வோல்ட். டப்பாவுல எல்லாத்தையும் ஒண்ணா போட்டு வைக்கிற வீட்டுல யாராவது மாத்திப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

அடுத்து, வாங்குற இடம். பஸ் ஸ்டாண்ட் கடையிலயும் ஆன்லைன்லயும் 9800 மில்லி ஆம்பியர் மணின்னு எழுதின 18650 கிடைக்கும். நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான். ஆக 9800-ன்னு எழுதியிருந்தா அதை அச்சடிச்சவர் பொய் சொல்றார், அவ்வளவுதான். கொள்ளளவுல பொய் சொன்னவர் உள்ளே இருக்கிற பாதுகாப்பு வால்வுல உண்மையா இருப்பார்னு நம்ப எனக்கு மனசு வரல. நல்ல செல் 45 கிராம் பக்கத்துல இருக்கும். மளிகைக் கடைத் தராசுல போட்டாலே பாதிக் குட்டு வெளிப்பட்டுடும். இந்தியாவுல இந்த செல்களுக்கு ஐஎஸ் 16046 தரம் இருக்கு, முதல் பகுதி நிக்கலுக்கு, ரெண்டாவது லித்தியத்துக்கு. பேக்கிங் மேல ஆர்-ல ஆரம்பிக்கிற பதிவு எண் இருந்தா பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பார்த்துடலாம். ஒரு நிமிஷ வேலை.

சரி, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. ஒரு செல் 1.2 வோல்ட். "குறைச்சலா இருக்கே"ன்னு எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்றாங்க. ரெண்டு போட்டா 2.4, அது லோடுலயும் அப்படியே நிக்கும். சாதாக் கட்டை 3-ல ஆரம்பிச்சு வழியெல்லாம் சரிஞ்சுக்கிட்டே போகும். கொஞ்ச நேரம் எரிச்சதுக்கு அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, எது வெளிச்சம்னு நீங்களே சொல்வீங்க. முழுசா இறங்கினா இதுவும் கெடும், ஆயுசு குறையும். ஆனா லித்தியம் மாதிரி தீப்பிடிக்கிற கதைக்குப் போறது அரிது.

பழைய நிக்கல் செல்லுல ஒரு குறை இருந்துச்சு: சும்மா வெச்சாலே சார்ஜ் வடியும். 2005-ல சான்யோ எனிலூப்னு ஒண்ணு கொண்டு வந்து அதைப் பெரும்பாலும் சரிபண்ணிட்டாங்க. இப்ப வேற கம்பெனிகளும் அந்த வகை போடுறாங்க. பேக்கிங்ல "ரெடி டு யூஸ்"னோ "ப்ரீ சார்ஜ்டு"னோ இருந்தா பெரும்பாலும் அந்த வகைதான். டபுள் ஏ அளவுல 2000 மில்லி ஆம்பியர் மணி, பெரிய கட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. 0.3 ஆம்பியர் பல்புக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல வரும். ஒரு ராத்திரி தண்ணி கட்ட தாராளம். பெரிய கட்டை அளவுலயே ரீசார்ஜபிள் விக்கிறாங்க, ஆனா அதுல சிலது பெரிய ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற டபுள் ஏதான். கையில தூக்கினாலே லேசா இருக்கும்.

சார்ஜர்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பார்த்து, நிறைஞ்சதும் தானே நிறுத்துறதா வாங்குங்க. ராத்திரி முழுக்க ஏத்திக்கிட்டே இருக்கிற டைமர் இல்லாத சார்ஜர் நல்ல செல்லையும் வேக வெச்சுடும். புதுசு பழசு கலக்காதீங்க; மூணு செல்லுல ஒண்ணு முதல்ல தீர்ந்தா மத்த ரெண்டும் சேர்ந்து அதைத் தலைகீழா சார்ஜ் பண்ணும்.

லித்தியத்துலயே சாதுவான ஒண்ணும் இருக்கு, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 3.2 வோல்ட், மூணு கட்டை டார்ச் பல்புக்குக் கச்சிதம், சூட்டுக்கும் அவ்வளவா அசையாது. அந்த பாலிஅனயான் வகை கேத்தோடு ஆராய்ச்சியில ஜான் குட்இனஃப்போட ஆரம்பத்துல சேர்ந்து உழைச்சவர் நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்துல பிறந்து மதுரையிலயும் சென்னை ஐஐடியிலயும் படிச்ச ஆறுமுகம் மந்திரம். 2019-ல குட்இனஃப் சார்பா நோபல் உரை நிகழ்த்தினதும் அவர்தான். பெருமையான விஷயம். இருந்தாலும் அதுக்கு 3.65 வோல்ட்ல நிக்கிற தனி சார்ஜர் வேணும். நீங்க ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் வீட்டுல எந்த சார்ஜர்ல சொருகுவாங்கன்னு உங்களால கட்டுப்படுத்த முடியாது. எனக்கு அங்கேதான் உதைக்குது.

பல்பையே எடுத்துட்டு அதே அளவு எல்இடி பல்பு போடலாமேன்னா, போடலாம். வீட்டுல மஞ்சள் வெளிச்சம் வேணும்னு அடம் பிடிக்கலைன்னா அதுவே நல்ல முடிவு, அதே நிக்கல் செல்லுல இன்னும் நிறைய நேரம் ஓடும். ரெண்டு செல்லுல எரியுற பல்பான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. அடம் பிடிக்கிறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. இழை பல்புல சிவப்பு வரைக்கும் எல்லா நிறமும் இருக்கு. பழுப்பு மண்ணுல பழுப்பு நிறத்தைப் பிரிச்சுப் பார்க்க அது உதவும்.

கடைசியா ஒண்ணு. பின்னாடி ரெண்டு பின் நீட்டி நேரா சுவர் பிளக்குல சொருகுற 4 வோல்ட் லெட் ஆசிட் டார்ச் வீட்டுல இருந்தா, அதோட பேட்டரி செத்ததும் "உள்ளே ஒரு 18650 வெச்சுத் தரேன்"னு சொல்ற ரிப்பேர் கடைக்கு விடாதீங்க, நீங்களும் செய்யாதீங்க. மலிவு டார்ச்ல பெரும்பாலும் உள்ளே இருக்கிறது ஒரு கெப்பாசிட்டர், நாலு டையோடு, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, 4.2-ல நிறுத்துற மூளையும் கிடையாது. செல் நிறைஞ்சாலும் கரண்ட் ஒரே சீரா உள்ளே போய்க்கிட்டே இருக்கும். திறந்து நோண்டணும்னா முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க, கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

நிக்கல் செல்லைப் போட்டுக் கொடுக்கும்போது வீட்டுல ரெண்டே வார்த்தை சொல்லுங்க. வெளிச்சம் மஞ்சளாக ஆரம்பிச்சா சாதாக் கட்டை மாதிரி இன்னும் ஒரு மணி நேரம் ஓடாது, சில நிமிஷம்தான். அதனால சார்ஜ் ஏத்தின இன்னொரு ஜோடி எப்பவும் சட்டைப் பையில இருக்கணும், சாவிக்கொத்தோட உரசாம, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல.