பின்னக் கற்பவருக்கு எதைப் பரிசளிப்பது?

தில்லியில் குளிர்காலம் வந்துவிட்டால், சாணக்யபுரி நேரு பூங்காவின் நண்பகல் வெயிலில் கம்பளி நூலுருண்டையை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருக்கும் பெண்கள் சிலரையேனும் காணலாம். அண்மைக்காலமாக ஆய்வு மாணவர்களிலும் சிலர் இதைக் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கடைப்பட்டியல் ஒன்றைத் தந்து முடித்துக்கொள்ளக்கூடிய கேள்வியன்று இது என்பது என் கருத்து.

முதலில் சொற்களைக் கவனிப்போம். தறியில் செய்வதை 'நெய்தல்' என்றும், ஊசிகளில் செய்வதைப் 'பின்னல்' என்றும் தமிழ் பிரித்துச் சொல்கிறது. இந்தியில் இரண்டுக்கும் 'புன்னா' என்ற ஒரே வினைதான். பின்னலின் ஒவ்வொரு வளையத்தையும் இந்தி 'பந்தா' என்கிறது. அச்சொல்லுக்குச் சுருக்கு என்றும் பொருள். நாம் அதைக் 'கண்ணி' எனலாம். பறவை பிடிக்கும் கண்ணியும் அதே சொல்தான். கம்பளி நூலுக்கான இந்திச் சொல் 'ஊன்' என்பது தமிழ்க் காதில் எப்படி விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பின்னலில் ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகப் போகிறது. எனவே, தவறு நேர்ந்தால் ஊசியை உருவி, நூலை இழுத்து, மொத்தத்தையும் பிரித்துவிட்டு அதே நூலால் மீண்டும் தொடங்கலாம். திருத்தத்திற்கு இவ்வளவு இடம் தரும் கைத்தொழில்கள் அதிகமில்லை. தொடக்கநிலையாளர் பின்னும் நேரத்தைவிடப் பிரிக்கும் நேரமே மிகுதி. ஆகவே, நல்ல பரிசுக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: அது தவறு செய்ய இடந்தர வேண்டும்.

அந்த அளவுகோலின்படி, மொகேர் போன்ற மயிர்ச்செறிவுள்ள நூல் வேண்டாம். அதன் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் பிரிப்பது கடினம். கறுப்பும் கருநீலமும் வேண்டாம். கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா. நடுத்தரப் பருமனும் வழவழப்பும் வெளிர் நிறமும் கொண்ட நூல் 200 கிராம் போதும். லூதியானா ஆலைகளின் சாதாரண அக்ரிலிக் நூலை வாங்குவதில் இழிவேதும் இல்லை. விலையுயர்ந்த மெரினோ, வீணாகிவிடுமோ என்ற அச்சத்தில் அலமாரியிலேயே தங்கிவிடும். உருண்டைகள் அனைத்தும் ஒரே சாயத்தொகுதியைச் சேர்ந்தனவா என்று உறையைப் பாருங்கள். ஊசி மூங்கிலாக இருந்தால் கண்ணிகள் எளிதில் வழுக்கி விழா. ஊசியின் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டர் அளவைப் பாருங்கள்: பழைய பிரித்தானிய முறையில் 8ஆம் எண் ஊசி 4 மி.மீ.; அமெரிக்க முறையில் அதே எண் 5 மி.மீ. நழுவிய கண்ணியை மீட்க ஒரு குரோஷா ஊசியும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆயினும், பொருளைவிட முக்கியமானது பரிசோடு சேர்ந்து போகும் எதிர்பார்ப்பு. எந்தக் கொடையும் பெறும் கடமையையும் திருப்பித் தரும் கடமையையும் உடன் கொண்டுவருகிறது என்று மார்செல் மோஸ் 1925இல் வெளியான தம் கட்டுரையில் வாதிட்டார். கம்பளி நூலைப் பொறுத்தவரை அது அப்பட்டமாகவே நிகழ்கிறது. நூலைக் கொடுத்த கையோடு "எனக்கொரு ஸ்வெட்டர் பின்னித் தா" என்கிறோம். அந்த வேண்டுகோளின் எடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. சதுரத்துக்குப் பொதுவாக 22 கண்ணிகள், 28 வரிசைகள். அதாவது 616 கண்ணிகள். பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டருக்கு அத்தகைய சதுரங்கள் ஏறத்தாழ 90 தேவை. மொத்தம் 55,000 கண்ணிகளுக்கு மேல். முந்நூறு ரூபாய் நூலைக் கொடுத்துவிட்டு இவ்வளவு உழைப்பைக் கேட்பதற்குப் பரிசு என்று பெயரில்லை.

இந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள்மீதே விழுகிறது. ஆண் பின்னினால் வியப்பு; பெண் பின்னினால் வீட்டாரின் அளவுகள் அடங்கிய பட்டியல். இது இயல்பான பிரிவினை அன்று. ஐரோப்பியப் பின்னல் தொழிற்சங்கங்களில் ஒருகாலத்தில் பெரும்பாலும் ஆண்களே இருந்தனர். 1589இல் பின்னல் பொறியை உருவாக்கியவர் வில்லியம் லீ என்ற பாதிரியார். திருப்பூர்ப் பனியனும் அதே கண்ணிகளால் ஆனதுதான். அத்தொழில் ஆலைக்குள் ஊதியம் பெறும் வேலை. வீட்டுக்குள் மட்டும் அன்பின் கடமையாகிவிடுகிறது.

நன்னூலின் பாயிரம் நூல் நூற்பதையும் நூல் இயற்றுவதையும் ஒப்பிடுகிறது. நம் துறையினருக்கு அந்த ஒப்புமை எளிதில் விளங்கும். ஆய்வில் சேர்ந்த முதலாண்டிலேயே "நூல் எப்போது வெளிவரும்?" என்று கேட்பவரையும், முதல் பத்து வரிசைகள் முடியுமுன் "ஸ்வெட்டர் எப்போது?" என்று கேட்பவரையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். இருவரும் கற்றலைப் பார்ப்பதில்லை. விளைபொருளை மட்டுமே பார்க்கிறார்கள்.

ஆகவே, நூலும் ஊசியும் கொடுங்கள். கூடவே, "இதை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துக்கொள், எனக்கு எதுவும் பின்ன வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னத் தெரிந்தவராயின் ஒரு பிற்பகல் அவரருகே அமர்ந்து கற்றுக்கொடுங்கள். கோணலாக முடிந்த முதல் துண்டை அவர் காட்டும்போது, இது எதற்குப் பயன்படும் என்று மட்டும் கேட்காதீர்கள்.