ஆஃபர் லெட்டருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்

தரமணியிலோ ஓ.எம்.ஆரிலோ உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தால், பெரும்பாலானோரின் கண் முதலில் போவது ஆண்டுச் சம்பளத் தொகைக்குத்தான். பிறகு வீட்டில் சொல்வார்கள், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், மின்னஞ்சலின் அடியில் இருக்கும் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்திவிடுவார்கள். வேலை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களோ எதுவும் செய்வதில்லை, எச்.ஆர். அழைப்பை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். விண்ணப்பம் போட்டதிலிருந்து பணியில் சேரும் நாள் வரை வேலை தேடுபவர் கையெழுத்திடும் தாள்கள் எத்தனையோ. அவற்றில் அவரே தன் சொற்களில் எழுதக்கூடியது பெரும்பாலும் ஆஃபர் லெட்டருக்குத் தரும் பதில் ஒன்றுதான். ஏற்பதானாலும், அவகாசம் கேட்பதானாலும், மறுப்பதானாலும் அதை முழுமையாக எழுதி அனுப்ப வேண்டும். இதை வெறும் நாகரிகமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. எழுதுகிறவரின் சொந்த நலனும் இதில்தான் இருக்கிறது.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஒருவர் முன்வைத்ததை மற்றவர் ஏற்றுப் பதில் அனுப்பும்வரை, முன்வைத்தவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது 5-ஆவது பிரிவு. கெடு குறித்திருந்தால், கெடு கடந்ததும் அது செல்லாது என்கிறது 6-ஆவது பிரிவு. ஏற்பு முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும் என்பது 7-ஆவது பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவை அறியாமல் சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. “சேர்கிறேன், ஆனால் ஒரு லட்சம் கூட்டித் தர வேண்டும்” என்று எழுதினால் சட்டப்படி அது ஏற்பு ஆகாது; புதிதாக ஒரு பேரம் தொடங்கியதாகவே பொருள். நிறுவனம் அதை மறுத்துவிட்டுப் போகலாம். எனவே கேட்க வேண்டியதை முதலில் கேட்டு, திருத்திய கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே சம்மதம் எழுத வேண்டும். மின்னஞ்சலில் எழுதினாலே போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு மின்னணு வழி ஒப்பந்தங்களை ஏற்கிறது.

என்ன கேட்பது என்பதில்தான் நம் ஊர் நடைமுறை வருகிறது. பல கடிதங்களில் பணியிடம் ‘சென்னை’ என்று மட்டும் இருக்கும். மயிலாப்பூரில் குடியிருப்பவருக்குத் தரமணி அலுவலகம் என்றால் திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி நேராகப் போய் இறங்கிவிடலாம். அதே நிறுவனத்தின் சிறுசேரி வளாகம் என்றால் கதையே வேறு. அங்கே மெட்ரோ பணிகள் இன்னும் முடியவில்லை, ஓ.எம்.ஆர். நெரிசலில் போக வர நாளின் பெரும்பகுதி கரைந்துவிடும். அடுத்தது சம்பளக் கணக்கு. சி.டி.சி. (நிறுவனம் ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்று எழுதும் தொகைக்குள் வருங்கால வைப்பு நிதிக்கான நிறுவனத்தின் பங்கு, பல ஆண்டுகள் கழித்தே கைக்கு வரும் கிராஜுவிட்டி, கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் அடங்கியிருக்கும். மாதம் கையில் வருவது எவ்வளவு என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகக் கூடாது என்ற பாண்டு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்திட்ட பிறகு ‘படிக்கவில்லை’ என்று சொல்லிப் பயனில்லை. எல்லாம் தெளிந்த பிறகு எழுதும் சம்மதம் நாலு வரிக்கு மேல் போக வேண்டியதில்லை: “தங்கள் 12-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. ஆண்டுக்கு ரூ.6,50,000 ஊதியத்தில், தரமணி அலுவலகத்தில், ஜூலை 1 அன்று பணியில் சேரச் சம்மதிக்கிறேன். இவற்றில் எது மாறினாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

“நிறுவனங்களே வாக்குத் தவறும்போது நாங்கள் மட்டும் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2014-இல் கல்லூரி வளாகங்களில் தேர்வு செய்த ஏறத்தாழ 1,500 பேரை நீண்ட காலம் காக்கவைத்த எல் அண்ட் டி இன்ஃபோடெக், 2016-இல் வேலை இல்லை என்று கைவிரித்தது. பாதிக்கப்பட்ட மாணவர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே ஆண்டு, கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்ற 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஐ.ஐ.டி.க்கள் வளாகத் தேர்விலிருந்து தள்ளிவைத்தன. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் ரூபாய் என்று சொல்லிப் பயிற்சியும் முடிக்கவைத்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸில் 2022-இல் ஆஃபர் பெற்றவர்களில் ஏறத்தாழ 2,000 பேரின் பணிச்சேர்ப்பு 2024 வரை இழுத்தது. இவ்வளவு நடந்த பிறகும் எழுத்தில் பதில் கொடுங்கள் என்று வற்புறுத்துவது ஏன்? இத்தகைய நேரங்களில் தேதியும் தொகையும் குறிப்பிட்ட சம்மதக் கடிதம் வைத்திருப்பவரால்தான் தொழிலாளர் துறையிடமோ தன் கல்லூரியிடமோ சென்று முறையிட முடிகிறது. தனியார் நிறுவனத்தை ஒருவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. இழப்பீடு கேட்கத்தான் வழி உண்டு. அதற்கும் ஆவணம் வேண்டும். பெரிய நிறுவனத்துக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது. எதிரே நிற்கும் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அந்த ஒரு மின்னஞ்சல்தான் இருக்கிறது.

இரண்டு மூன்று இடங்களுக்குச் சம்மதம் சொல்லிவிட்டுக் கடைசி நாளில் ஓரிடத்துக்கு மட்டும் போகும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அது எப்படி உருவானது என்பது புரிகிறது. மென்பொருள் துறையில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணமாகிவிட்டது. அந்த மூன்று மாதத்துக்குள், தன்னை எந்த பிராஜெக்டுக்காக எடுத்தார்களோ அதுவே கைவிட்டுப் போகலாம் என்ற அச்சத்தில் ஒருவர் இன்னொரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொள்கிறார். இரண்டு ஆஃபர்களை வைத்துக்கொண்டு யோசிப்பதில் தவறே இல்லை. இரண்டு இடத்திலும் ‘வருகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பதுதான் தவறு. நட்டம் நிறுவனத்துக்கு மட்டும் என்றால் நானும் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். அந்த இடத்துக்கு அடுத்த நிலையில் தேர்வான ஒருவர் எங்கோ காத்துக்கொண்டிருக்கிறார். நம் மௌனம் அவருடைய மூன்று மாதத்தைத் தின்றுவிடுகிறது. ‘இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் முடிவைச் சொல்கிறேன்’ என்று தேதி போட்டு அவகாசம் கேட்கலாம். கொடுக்க முடியாது என்று நிறுவனம் சொன்னால், அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும். முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைத்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். எழுத்தில் மறுப்பது உண்மையில் எளிது: நன்றி சொல்லி, வேறிடத்தில் சேர முடிவெடுத்ததைச் சொன்னால் போதும், காரணத்தை விளக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. நிறுவனங்களும் இதே அளவுகோலுக்குக் கட்டுப்பட வேண்டும். நேர்காணலுக்கு வந்து தேர்வாகாதவருக்கு ஒரு வரி பதில்கூட அனுப்பாத எச்.ஆர். பிரிவு, வேட்பாளரின் மௌனத்தைக் குறை சொல்லத் தகுதியற்றது. 90 நாள் நோட்டீஸைக் குறைத்தாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

இதெல்லாம் ஐ.டி.காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் உள்ள ஜவுளிக் கடைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள், பிள்ளைகள் பலருக்கு எல்லாம் வாய்மொழிதான்: சம்பளம் இவ்வளவு, சாப்பாடும் தங்கலும் உண்டு, நாளைக்கே வந்துவிடு. நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தரவே 2021-இல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, வேலைக்கு எடுக்கும்போதே நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. கடிதமே வராதவர் எதற்குப் பதில் எழுதுவது? அவரோ அவருடைய அண்ணனோ கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு “மாதம் இவ்வளவு சம்பளம், தங்குமிடம் உண்டு என்று சொன்னீர்கள், திங்கட்கிழமை வருகிறேன்” என்று ஒரு செய்தி அனுப்பினால் அதுவும் ஆவணம்தான். ஆனால் அந்தச் சுமையை அவர்கள் தலையில் மட்டும் ஏற்றுவது சரியல்ல. தீபாவளி வியாபாரத்துக்கு ஆள் எடுக்கும் மாதங்களிலேயே தொழிலாளர் துறை அதிகாரிகள் தியாகராய நகர்க் கடைகளுக்குப் போய், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் நியமனக் கடிதம் இருக்கிறதா, அதில் சம்பளமும் வேலை நேரமும் விடுமுறையும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.